இன்ஜின் மாற்றிய ஜீப் ஹீட் ஆனால் எதில் பணம் போடுவது?

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங், டயர், பெயின்ட் எல்லாம் பேசி முடித்ததும் ஹீட் பிரச்சினைக்கு வந்துவிடுவார். "பெரிய ரேடியேட்டரா ஒண்ணு போடணும்" என்பதுதான் அநேகமாக அடுத்த வரி. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ரேடியேட்டரை மாற்றுவது கடைசிக் கட்டம். இருக்கிற ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காகப் போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆனால் ரேடியேட்டர் கடையில் விலை கொடுத்து வாங்கக்கூடிய பொருள். காற்றுக்கு வழி செய்வது தகரம் வெட்டி, அளவெடுத்துச் செய்கிற வேலை. அதனால் பணம் முதலில் ரேடியேட்டருக்கே போகிறது.

நான் மனதில் வைத்துப் பேசுவது மஹிந்திரா பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்த சிஜே-3பி வகை ஜீப்பை. அமெரிக்காவில் வில்லீஸ் 1953-இல் இதைக் கொண்டுவந்தபோது பானெட்டை அவ்வளவு உயர்த்தியதற்குக் காரணமே, உள்ளே வைத்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினின் உயரம்தான். அதாவது அந்த முன்பக்கம் முழுவதும் ஒரே ஒரு இன்ஜினுக்காக அளவெடுத்துத் தைத்தது. இன்று நாம் அதற்குள் பொலேரோவில் வந்த 2523 சிசி டிஐ டர்போவையோ, மஹிந்திராவின் இன்னொரு ஜீப்பான எம்எம்540-இல் வந்த 2112 சிசி பெஜோ டீசலையோ திணிக்கிறோம். இரண்டு மட்கார்டுகளுக்கு நடுவே இருக்கும் அகலம் மாறுவதில்லை. இன்ஜின் முன்னால் நகர்ந்து ஃபேன் ரேடியேட்டரை ஒட்டி வந்துவிடுகிறது, அல்லது பின்னால் தள்ளிப் போய்விடுகிறது. பல வண்டிகளில் ஃபேனின் மையம் ரேடியேட்டரின் மையத்துக்கு நேராகவே இருப்பதில்லை.

எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்குப் போடலாம். 60 குதிரைத்திறன் கொடுக்கும் டீசல் இன்ஜின் முழு லோடில் ஓடும்போது, கூலன்ட் (இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றும் திரவம்) வழியாக வெளியேற வேண்டிய வெப்பம் தோராயமாக 30 முதல் 40 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் பதினைந்து இருபது ஒரே நேரத்தில் எரிவதைப் போல. 35 கிலோவாட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும், காற்றின் சூடு 35 டிகிரி ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காற்று ரேடியேட்டரைக் கடக்க வேண்டும். ஃபேன் விற்பவர்கள் பேசும் மொழியில் இது கிட்டத்தட்ட 1900 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 1900 கன அடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எலெக்ட்ரிக் ஃபேன் பேச்சில் மறுபடி தேவைப்படும்.

எப்போது ஹீட் ஆகிறது?

எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். சிக்னலில், நெரிசலில் நின்று நின்று போகும்போது ஹீட் மீட்டரின் முள் ஏறி, ரோடு கிடைத்ததும் இறங்கிவிட்டால், ரேடியேட்டரில் குறை இல்லை. வண்டி ஓடும்போது தானாக வரும் காற்று இல்லாத நேரத்தில் ஃபேன் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். மாறாக, நான்கு வழிச் சாலையில் 70, 80-இல் சீராகப் போகும்போது மெல்ல மெல்ல ஏறினால் அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. அடைத்துப்போன ரேடியேட்டர், தண்ணீரைத் தள்ளாத பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, மலையேற்றம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இரண்டாவது கியரில், முழு லோடில், 20 கிலோமீட்டர் வேகத்தில், சில நேரம் பின்பக்கக் காற்றோடு. வெப்பம் உச்சத்தில் இருக்கும், எதிர்க்காற்று பூஜ்யத்தில் இருக்கும். ஒரு கூலிங் அமைப்பு தேறுமா தேறாதா என்று பார்க்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

பருவமும் சேர்ந்துகொள்ளும். கூலன்ட் 90 டிகிரி, வெளியே 28 டிகிரி என்றால் இடைவெளி 62. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 ஆனால் இடைவெளி 50. ரேடியேட்டர் தள்ளும் வெப்பம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. எனவே எதுவுமே கெடாமல், அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கிறது. ஜனவரியில் ஓட்டிப் பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய வண்டி மே மாதம் கழுத்தறுப்பது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன்

இன்ஜின் மாற்றிய வண்டிகளில் முள் காட்டும் கதையை அப்படியே நம்ப வேண்டாம். புது இன்ஜினின் சென்சாரும் பழைய ஜீப்பின் மீட்டரும் ஒரே ஜோடி இல்லை. 85 டிகிரியில் சிவப்புக் கோட்டைத் தொடும் மீட்டரும் உண்டு, 110-இலும் நடுவிலேயே நிற்கும் மீட்டரும் உண்டு. ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) இருக்கும் கூட்டின் மேல் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

அதே கருவி வேறு இரண்டு செய்திகளும் சொல்லும். தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் மிக அதிகம் என்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. இரண்டும் சூடாக, வித்தியாசம் குறைவாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை. அப்புறம் ரேடியேட்டரின் முகம் முழுவதும் காட்டிப் பார்த்தால், அடைத்த குழாய்கள் இருக்கும் பகுதி மட்டும் குளிர்ந்து கிடக்கும்.

இன்ஜின் மாற்றியதால் மட்டுமே வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. புது இன்ஜினின் தண்ணீர் வெளியேறும் வாய் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் அமைந்துவிடும். மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் உச்சியில் காற்று தங்கிவிடும். காற்று நிற்கும் இடத்தில் உலோகம் வேகும். பெரிய ரேடியேட்டர் இதற்கு ஒன்றும் செய்யாது. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள பயர்வாலில், எல்லாவற்றையும்விட உயரத்தில், மூடியுள்ள ஓர் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்து, அதிலிருந்து ஒரு ஹோஸைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கும், ஹெட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸை டேங்குக்கும் கொடுத்தால் காற்று தானாக வெளியேறும். செலவும் குறைவு.

மூடி தனியாக ஒரு பத்திக்குத் தகும். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி ஒழுங்காக இருந்தால், கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில், அதாவது 2100 மீட்டரில், அதே மூடியோடு 115. மூடியின் ரப்பர் போய்விட்டதா, அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமல் மலை உச்சியில் ஆவி பறக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் இது. ஆனால் பழைய ஜீப்பின் அசல் ரேடியேட்டர் இந்த அழுத்தத்துக்காகச் செய்ததில்லை. அதில் 0.9 மூடியைப் போட்டால் ஈயம் வைத்த தையல் பிரிந்துகொள்ளும்.

ரேடியேட்டர்: பழையதைத் தேற்றுவதா, அலுமினியத்துக்குப் போவதா?

நெடுஞ்சாலையில் ஹீட் ஆகிறது, சோதனையில் அடைப்பும் தெரிகிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். போர்வெல் தண்ணீரையே ஊற்றிப் பழகிய வண்டியாக இருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ரேடியேட்டர் கடைக்காரர் மேல் டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து மூடித் தருவார். குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளான துடுப்புகள் உளுத்து உதிரத் தொடங்கியிருந்தால் கம்பி விடுவதில் பிரயோஜனம் இல்லை, குழாயும் துடுப்பும் சேர்ந்த கோரை மாற்றுவதே சரி.

கோர் மாற்றும்போது "மூணு வரிசைக்குப் பதில் நாலு வரிசை போட்டுடலாம்" என்று ஒரு யோசனை வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பின்வரிசைக் குழாய்களுக்குப் போய்ச் சேர்வது முன்வரிசைகள் சூடாக்கி அனுப்பிய காற்று, அதனால் நான்காவது வரிசை முதல் வரிசை அளவுக்கு உழைக்காது. கோர் தடிமனானால் காற்றுக்குத் தடையும் கூடும். வலுவான ஃபேனும், அதைச் சுற்றிக் காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடான ஷ்ரவுடும் இருந்தால் நாலு வரிசை கை கொடுக்கும். இல்லையென்றால், நெரிசலில் முன்பு இருந்ததைவிட மோசமாகக்கூடும். அகலத்தையோ உயரத்தையோ இரண்டு அங்குலம் கூட்ட முடிந்தால் ஒரு வரிசை கூட்டுவதைவிட அது மேல்.

அலுமினியத்தைப் பற்றி இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகிறது. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் சிறந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் செம்பு ரேடியேட்டரில் குழாயும் துடுப்பும் ஈயத்தால் ஒட்டப்பட்டவை, ஈயம் நல்ல கடத்தி இல்லை. அலுமினியத்தில் குழாயை அகலமாகச் செய்யலாம், துடுப்பை நேரடியாக உலையில் ஒட்டலாம், எடையும் குறைவு. நன்றாகச் செய்த அலுமினிய ரேடியேட்டர் அதே அளவுள்ள செம்பு ரேடியேட்டருக்குச் சளைத்ததில்லை, பல நேரம் ஒரு படி மேல்.

என் தயக்கம் வேறு. ஜீப்பின் சேஸி முறுகும். கல் ரோட்டில் ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது ரேடியேட்டர் தாங்கியும் சேர்ந்து திருகும். ரப்பர் புஷ் இல்லாமல் இறுக்கிப் பூட்டிய அலுமினிய ரேடியேட்டர் வெல்டிங் ஓரத்தில் விரியும். செம்பு ரேடியேட்டர் ஒழுகினால் நாமக்கல்லிலோ பொள்ளாச்சியிலோ அன்றைக்கே ஈயம் வைத்துக்கொண்டு கிளம்பலாம், அலுமினியத்துக்கு அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. கூலன்டில் சிக்கனம் பிடித்துக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலோ, பாடி எர்த் சரியில்லாமல் மின்சாரம் கூலன்ட் வழியாகப் போனாலோ அலுமினியம் சீக்கிரம் அரிக்கும். வயரிங் நேர்த்தியில்லாத மாற்று இன்ஜின் வண்டிகளில் இந்த எர்த் பிரச்சினை சாதாரணம். ரோட்டில் மட்டும் ஓடும், பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் வண்டிக்கு அலுமினியம் போடலாம். காடு மேடு போகும் வண்டிக்கு நான் செம்பையே சொல்வேன்.

ஃபேன்: இன்ஜினோடு சுற்றுவதா, மின்சாரத்தில் சுற்றுவதா?

உண்மையான முடிவு இங்கேதான் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்ஜினோடு சுற்றும் ஃபேன் ஆர்பிஎம்மைப் பொறுத்து வீசும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது சோம்பலாகச் சுற்றும். மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் 2500, 3000-இல் ஓடும்போது முழு வேகத்தில் இழுக்கும், அதாவது தேவை அதிகமாகும் அதே நேரத்தில் காற்றும் அதிகமாகும். எலெக்ட்ரிக் ஃபேன் இதற்கு நேர் எதிர். ஐடிலிலும் மலையிலும் அது தருவது ஒரே அளவுதான். நகர நெரிசலுக்கு அது வரப்பிரசாதம். மலையில் அதன் உச்ச அளவு போதவில்லை என்றால் கூட்டுவதற்கு வழியில்லை.

இப்போது அந்த 1900 சிஎஃப்எம் கணக்குக்கு வருவோம். எலெக்ட்ரிக் ஃபேன் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் பொதுவாகத் திறந்த வெளியில் அளந்தது. ரேடியேட்டரின் துடுப்புகள் வழியாக இழுக்கும்போது அதில் கணிசமான பங்கு போய்விடும். 12 அங்குல ஃபேன் ஒன்றை வைத்து ஒரு டிஐ டர்போவைக் கொல்லிமலைக்கு ஏற்றுவது நடக்காது. இரண்டு வைத்தால் கிட்ட வரலாம். இரண்டும் சேர்ந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது, ஹெட்லைட்டும் எரிகிற இரவில் பழைய ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ரிலே இல்லாமல் நேராக ஸ்விட்சில் கொடுத்தால் ஸ்விட்ச் உருகும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடிமனான ஒயர், ரேடியேட்டரில் பொருத்திய தெர்மல் ஸ்விட்ச், இவ்வளவும் சேர்ந்ததுதான் எலெக்ட்ரிக் ஃபேனின் விலை. ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிகளும் உண்டு. ரேடியேட்டர் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்தால் தப்பு.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு ஒரு நல்ல காரணம் மிச்சமிருக்கிறது. இன்ஜின் ரேடியேட்டருக்கு மிக அருகில் வந்து, ஃபேனுக்கே இடமில்லாத வண்டிக்கு வேறு வழி கிடையாது. ஓடைகளைக் கடப்பவர்கள் தண்ணீரில் இறங்கும் முன் அணைத்தும் வைக்கலாம். இன்ஜின் ஃபேன் தண்ணீரை வெட்டும்போது இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் குத்திவிடும்.

நடுவழியாக விஸ்கஸ் ஃபேன் இருக்கிறது. முன்னால் இருக்கும் பைமெட்டல் சுருள் ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவத்தின் வழியாக ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். தேவையில்லாதபோது நழுவ விட்டுவிடும், டீசலும் மிச்சம், இரைச்சலும் குறைவு. சிக்கல் இடம். அதன் தடிமனுக்கு ஜீப்பில் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வேண்டும், பாதி வண்டிகளில் அது இருக்காது. பழைய விஸ்கஸ் யூனிட் வாங்குவதாக இருந்தால், சூடான இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமில்லாமல் காற்றாடிபோலச் சுற்றினால் உள்ளே திரவம் இல்லை, வாங்காதீர்கள்.

எந்த ஃபேனாக இருந்தாலும் ஷ்ரவுடு இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும். ஷ்ரவுடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் பகுதியை மட்டும் இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். அது போதாதென்று, இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி மெல்லும். ஷ்ரவுடு ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூட வேண்டும், ஓரங்களில் ரப்பரோ ஃபோமோ வைத்து இடைவெளி அடைக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் ஓர் அங்குலத்துக்குள் இடைவெளி, இறக்கையின் அகலத்தில் பாதி வளையத்துக்கு உள்ளே, பாதி வெளியே. ஃபேனின் மையம் விலகியிருக்கும் ஜீப்புக்கு ரெடிமேடு கிடைக்காது, தகரம் வேலை செய்பவரிடம் வண்டியை நிறுத்தி அளவெடுத்துச் செய்ய வேண்டும். இன்ஜின் மவுண்ட் ஆடும் அளவுக்கும் இடம் விட வேண்டும். ஒரு நாள் வேலை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் செலவுகளிலும் போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

செய்ய வேண்டாத வைத்தியம்

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க சார், இந்த ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்பது வொர்க்‌ஷாப்புகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த யோசனை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீரைத் திருப்பும் பைபாஸ் வழியை மூடும். முழுதாகக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். சமவெளியில் இன்ஜின் சூடேறாமல் தேயும், மலையில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். பழுதாகியிருந்தால் புதிது போடுங்கள். வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே பூட்டுங்கள்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊருக்கு உறைநிலை கவலை இல்லை. கூலன்டில் இருக்கும் கிளைகால் கூடக் கூடத் தண்ணீரின் வெப்பம் சுமக்கும் திறன் குறையும், சரிபாதி கலவை சமவெளிக்குத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர் என்றாலே துருவுக்கும் அரிப்புக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் நின்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் உதவும். வேகத்தில் போகும்போது ஜீப்பின் செங்குத்துக் கண்ணாடி அடியில் காற்றழுத்தம் அதிகம், காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்றைத் தடுக்கும். பானெட்டின் பக்கவாட்டில் லூவர், அதாவது சூடான காற்று வெளியேறும் பிளவுகள், வெட்டுவது இதைவிட நல்ல யோசனை.

அப்படியானால் யார் எதைத் தேர்வது? பெரும்பாலும் நகரத்தில் ஓட்டுபவர் செம்பு ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஷ்ரவுடோடு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாம். ஏசி வைத்திருந்தால் இது கட்டாயம், ஏனென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சர் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. மலைக்கும் காட்டுக்கும் போகிறவர் இன்ஜின் ஃபேன், இடமிருந்தால் விஸ்கஸ், அளவெடுத்த ஷ்ரவுடு, புது கோர் போட்ட செம்பு ரேடியேட்டர் என்று போகட்டும். ஓட்டும்போது மூன்றாவது கியரில் முக்க விடாமல் இரண்டுக்கு இறக்கினால் பம்பும் ஃபேனும் வேகமெடுக்கும், முள் தானாக இறங்கும். இரண்டும் செய்பவர் மலைக்கான அமைப்பையே போட்டு, கிரில்லுக்குப் பின்னால் ஒரு சிறிய எலெக்ட்ரிக் ஃபேனை ஸ்விட்சோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து இன்னும் ஹீட் ஆனால், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லுபோல இறுகினால், அல்லது எக்ஸ்பான்ஷன் டேங்கில் விடாமல் குமிழி வந்தால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதுவும் இல்லையா, ஏற்றத்தில் பின்னால் கரும்புகை வருகிறதா என்று பாருங்கள். இன்ஜின் மாற்றியவர் "இழுவை வேணும்" என்று டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருப்பார். அந்த வண்டிக்கு ரேடியேட்டர் கடைக்குப் போக வேண்டியதில்லை, பம்ப் காலிப்ரேஷன் கடைக்குப் போனால் போதும்.